மிதித்தால் வருகிறதா, விட்டால் வருகிறதா?

காரின் பிரேக்கில் சத்தம் வருகிறது என்று பட்டறைக்குள் நுழைந்தால், கைதேர்ந்த மெக்கானிக் உடனே ஜாக்கியைத் தேடமாட்டார். "மிதிச்சா வருதா சார், விட்டா வருதா?" என்று கேட்பார். நாம் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே அடுத்ததும் வரும்: "காலையில எடுத்ததும் கேக்குதா, ஓடிச் சூடானப்புறமா?" பிறகு, "ரிவர்ஸ் எடுக்கும்போது?" வண்டியை அவர் தொடவே இல்லை, ஆனால் சோதனையில் பாதி முடிந்திருக்கும். இந்த மூன்று கேள்விகளையும் நான் மிகவும் ரசிக்கிறேன். ஒவ்வொன்றும் சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஏதோ ஓர் உறுப்பைச் சந்தேகத்துக்குள் கொண்டுவருகிறது, இன்னொன்றை விடுவிக்கிறது.

பிரேக் சத்தத்தை நாம் ஒரு தொல்லையாகவே பார்க்கிறோம். எதையாவது தடவி அடக்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். எனக்கோ, காரில் இத்தனை தெளிவாகப் பேசும் பகுதி வேறு இல்லை என்றுதான் தோன்றுகிறது. எஞ்சினில் கோளாறு என்றால் இன்று கணினியைச் செருகித்தான் பார்க்க வேண்டும். பிரேக்குக்குக் காது போதும். கீச்சொலி, உரசல், முனகல், ஒற்றை 'டொக்', இரும்பு அரைபடும் நறநறப்பு என்று அது எழுப்பும் ஒவ்வோர் ஒலிக்கும் தனிக் காரணம் உண்டு. அந்தக் காரணங்களுக்குள் போய்ப் பார்த்தால் அங்கே இருக்கும் நுணுக்கம் மலைக்க வைக்கிறது.

முதலில் டிஸ்க் பிரேக்கின் உள்ளே. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்பு டிஸ்க். அதன் இருபுறமும் ஒவ்வொரு பேட். இரண்டையும் கவ்வி நிற்கும் காலிப்பர். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ள, அது உட்பக்கப் பேடை டிஸ்க்கின்மேல் அழுத்துகிறது. அந்த அழுத்தத்தின் எதிர்விசையில் காலிப்பர் தன் வழிகாட்டிப் பின்களின்மேல் சறுக்கி, வெளிப்பக்கப் பேடையும் இழுத்துவந்து அழுத்துகிறது. இதுவரை எல்லோரும் ஊகித்துவிடலாம். காலை எடுத்ததும் பேட் எப்படி விலகுகிறது என்பதுதான் சுவையான கேள்வி. பெரும்பாலான கார்களில் அதைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் எதுவும் இல்லை.

பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. அதன் குறுக்குவெட்டு சதுரமானது. சூட்சுமம் அந்தச் சதுரத்தில் இருக்கிறது. பிஸ்டன் முன்னே நகரும்போது சீலின் உள்விளிம்பு அதைப் பற்றிக்கொண்டு சற்றே முறுக்கிக்கொள்ளும். பெடலிலிருந்து காலை எடுத்ததும் முறுக்கு அவிழ்ந்து ரப்பர் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும். திரும்பும்போது பிஸ்டனையும் இழுத்துக்கொண்டு வரும். மில்லிமீட்டரில் ஒரு சிறு பின்னம்தான். பேட் டிஸ்க்கை விட்டுத் தளர அது போதும். பேட் தேயத் தேய பிஸ்டன் இன்னும் கொஞ்சம் முன்னே போக வேண்டியிருக்கும். சீல் முறுக்கிக்கொள்ளக்கூடிய எல்லையைத் தாண்டியதும் பிஸ்டன் அதன் பிடியிலிருந்து வழுக்கி முன்னேறிப் புதிய இடத்தில் நின்றுகொள்ளும். தேய்மானத்துக்கு ஏற்ப யாரும் ஸ்பானர் போட்டுத் திருத்த வேண்டியதில்லை. ஒரு ரப்பர் வளையம் இரண்டு வேலைகளையும் பார்த்துக்கொள்கிறது. எனக்குத் தெரிந்த பொறியியல் சிக்கனங்களில் இதைவிட அழகானது அரிது.

"விட்டா வருதா?" என்ற கேள்வி இங்கேதான் வந்து தொடுகிறது. காலை எடுத்த பிறகும் மெல்லிய உரசல் தொடர்ந்தால், பேட் முழுதாக விலகவில்லை என்று பொருள். ரப்பர் இறுகிப்போயிருக்கலாம், பிஸ்டனில் துருப் பிடித்திருக்கலாம், அதைவிட அதிகமாக, காலிப்பர் சறுக்க வேண்டிய பின்கள் கிரீஸ் காய்ந்து சிக்கிக்கொண்டிருக்கும். பின் சிக்கிய வண்டியில் பேடுகளைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை தெரிந்துவிடும்: உட்பேட் தேய்ந்து மெலிந்திருக்கும், வெளிப்பேட் ஏறத்தாழ அப்படியே இருக்கும். ஓட்டிவந்து நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோனால் ஒன்றில் மட்டும் அனல் அடிக்கும். அந்தச் சக்கரத்தின் ரிம்மில் கருந்தூசியும் கூடுதலாகப் படிந்திருக்கும். பின்களைக் கழற்றித் துடைத்து, அதற்கென்று விற்கும் சிலிகான் கிரீஸைப் பூசினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கைக்கு எட்டிய சாதாரண கிரீஸை அப்பினால் அதிலுள்ள பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊதவைத்து, பின்னை முன்னைவிட இறுக்கமாகச் சிக்கவைக்கும்.

பேடில் இருக்கும் சிறு எஃகுத் தகடுதான் இந்த ஒலிகளுக்குள் எனக்கு மிகவும் பிடித்ததை எழுப்புகிறது. புது பேட் வாங்கும்போது உறையைப் பிரித்து ஒரு நிமிடம் கையில் வைத்துப் பாருங்கள். கனமான இரும்பு முதுகு. அதன்மேல் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் பருமனில் உராய்வுப் பொருள். ஓரத்தில், முதுகுத் தகட்டோடு ரிவெட் அடித்து, முனையை முன்னோக்கி வளைத்த ஒரு மெல்லிய ஸ்பிரிங் எஃகுத் துண்டு. பல வண்டிகளில் இது உட்பேடில் மட்டும் இருக்கும். பிஸ்டன் நேரடியாகத் தள்ளுவது அதைத்தான். முதலில் தேய்வதும் பெரும்பாலும் அதுதான். புதிதாக இருக்கும்போது இந்தத் தகட்டின் முனைக்கும் டிஸ்க்குக்கும் நடுவே நிறைய இடைவெளி உண்டு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்கள் அது வாய் திறக்காமல் கூடவே வரும். உராய்வுப் பொருள் 2, 3 மில்லிமீட்டராகக் குறையும் அன்று அதன் முனை டிஸ்க்கைத் தொடும். தொட்டதும் கிறீச்சிடும்.

அந்த ஒலி இனிமையாக இருக்கக் கூடாது என்று முடிவெடுத்துத்தான் அதைப் படைத்திருக்கிறார்கள். தகடு மெல்லியதாக, விறைப்பாக இருப்பதால் சுருதி உயர்கிறது; கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிறவரின் காதையும் அது எட்டுகிறது. இதை வேலை செய்ய வைக்க மின்சாரம் தேவையில்லை, கம்பி தேவையில்லை, டாஷ்போர்டில் விளக்கும் தேவையில்லை. விலை உயர்ந்த கார்களில் இதே வேலைக்குப் பேடுக்குள் ஒரு மின்கம்பியைப் புதைத்து, அது தேய்ந்து அறுந்ததும் விளக்கு எரியும்படி செய்கிறார்கள். அதுவும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் என் மதிப்பு அந்த எஃகுத் துண்டுக்கே. பழுதாக அதில் எதுவுமில்லை.

இந்தத் தகட்டின் குரலை மற்ற கீச்சொலிகளிலிருந்து பிரித்தறிய ஒரு வழி உண்டு. பல வண்டிகளில் இது பிரேக்கை மிதிக்காமல் ஓடும்போதே கேட்கும். லேசாக மிதித்தால் தகடு அழுந்தி, அதிர்வு அடங்கி, சத்தம் நின்றுவிடும் அல்லது மாறிவிடும். அதனால்தான் பலர் இதை பிரேக் சத்தம் என்றே நினைப்பதில்லை. "பிரேக் போட்டா நின்னுடுதுங்க, அதனால பிரேக்ல ஒண்ணுமில்ல" என்று வாடிக்கையாளர் சொல்வார். மெக்கானிக் தலையசைத்துக்கொண்டே சக்கர நட்டைத் தளர்த்துவார். அவருக்கு வேண்டிய விடை அந்த வாக்கியத்திலேயே கிடைத்துவிட்டது.

மிதித்தால் மட்டும் வருகிற கீச்சொலி வேறு இனம். இதன் பின்னால் ஒரு நூற்றாண்டு ஆராய்ச்சி இருக்கிறது. இங்கிலாந்தின் பிர்மிங்காமில் கார் கட்டிய ஃப்ரெடரிக் லான்செஸ்டர் 1902-ல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். டிஸ்க்கைப் பிடிக்கத் தாமிர லைனிங் வைத்தார். உலோகத்தின்மேல் உலோகம், அது எழுப்பிய கிறீச்சல் பொறுக்க முடியாததாக இருந்தது. அதே நாட்டில் டெர்பிஷயரைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் 1897-ல் குதிரை வண்டிகளுக்கு பிரேக் கட்டைகள் செய்யத் தொடங்கியிருந்தார். அவர் கல்நார் கலந்த லைனிங்கைக் கொண்டுவந்த பிறகுதான் அந்த அலறல் அடங்கியது. ஃபெரோடோ என்ற பெயரில் இன்றும் பேட் பெட்டிகளைப் பார்க்கிறோமே, அது ஃப்ரூடின் நிறுவனம். 1953-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் வென்ற பிறகு உலகம் இந்த பிரேக்கின் பக்கம் திரும்பியது. கீச்சொலியும் கூடவே வந்தது. கல்நார்த் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்று தெரிந்து பல நாடுகள் அதைக் கைவிட்டபோது, மாற்றாக வந்த உலோகத் துகள் கலந்த பேடுகள் அந்தச் சத்தத்தை இன்னும் கூட்டின.

ஏன் கீச்சிடுகிறது? வயலினில் வில்லை இழுக்கும்போது நடப்பதே இங்கும் நடக்கிறது: பிடித்துக்கொள்கிறது, நழுவுகிறது, மறுபடி பிடித்துக்கொள்கிறது, அதிலிருந்து அதிர்வு பிறக்கிறது. 1938-ல் மில்ஸ் என்ற ஆய்வாளர் இதை முறையாக ஆராய்ந்தார். வழுக்கும் வேகம் கூடக்கூட உராய்வு குறைகிற பொருள்களில் இந்தத் துடிப்பு பிறக்கும் என்பது அன்றைய விளக்கம். அது முழு விளக்கம் ஆகவில்லை. உராய்வு மாறாத பேடுகளும் அலறின. 1961-ல் ஸ்பர் என்பவர் வேறொரு கோணத்திலிருந்து வந்தார். பேட் டிஸ்க்கைத் தொடும் சாய்வைப் பொறுத்து, உராய்வு விசையே பேடை மேலும் மேலும் உள்ளே திணித்து, தாங்க முடியாத எல்லையில் தாங்கி நிற்கும் பாகங்கள் வளைந்து நழுவவிடும் என்று காட்டினார். காரணத்தை வடிவத்தில் தேடியது அவருடைய சிறப்பு. அதன் பிறகு வந்தவர்கள் டிஸ்க், பேட், காலிப்பர் மூன்றும் சேர்ந்த அதிர்வுகளைக் கணக்கிட்டார்கள். தனித்தனியே அடங்கியிருக்கும் இரண்டு அதிர்வுகள் உராய்வின் வழியே ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொண்டு வளரும்போது கீச்சொலி பிறக்கிறது என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து.

"ரிவர்ஸ் எடுக்கும்போது?" என்று பட்டறையில் கேட்ட கேள்வியை இப்போது மறுபடி நினைத்துப் பாருங்கள். பின்னால் போகும்போது அதே பேட், அதே டிஸ்க். ஆனால் உராய்வின் திசை தலைகீழ். தொடும் விளிம்பு மாறுகிறது, சாய்வு மாறுகிறது. முன்னால் போகும்போது அமைதியாக இருந்த பிரேக் பின்னால் வரும்போது கத்துவதற்கும், சில வண்டிகளில் அதற்கு நேர்மாறாக நடப்பதற்கும் அதுதான் காரணம். ஸ்பரின் கட்டுரையைப் படிக்காத ஒருவர் அனுபவத்தால் அதே இடத்தில் வந்து நிற்கிறார்.

கீச்சொலியின் அதிர்வெண் ஏறத்தாழ 1,000 முதல் 16,000 ஹெர்ட்ஸ் வரை போகும். மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது 2,000 முதல் 5,000 வரை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால்தான் மைக்ரான் கணக்கில் நடக்கும் ஓர் அசைவு தெரு முழுக்கத் திரும்பிப் பார்க்க வைக்கிறது. கண்ணுக்கு அந்த அசைவு தெரியாது. ஆய்வகங்களில் லேசர் ஒளிப்படத்தில் அதைப் பிடித்திருக்கிறார்கள்: டிஸ்க்கின் பரப்பு மேடும் பள்ளமுமாக வகிர்ந்து, நடுவே அசையாத கோடுகளோடு, சமச்சீரான கோலமாகத் துடிக்கும். அத்தனை சீரான ஒரு வடிவம் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும் அழுக்குச் சக்கரத்துக்குள் இருக்கிறது.

இந்தக் கீச்சொலி பெரும்பாலும் ஆபத்தின் அடையாளம் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சத்தத்தின் உரப்பைத்தான் ஆபத்தின் அளவாக நாம் எடுத்துக்கொள்கிறோம். நன்றாக நிற்கும் வண்டி நன்றாகக் கீச்சிடவும் செய்யலாம். பொறியாளர்கள் இதை அடக்க எடுக்கும் முயற்சிகள் எல்லாமே சிறியவை, நுட்பமானவை. பேடின் இரு ஓரங்களையும் சாய்வாகச் சீவிவிடுகிறார்கள். தொடும் நீளம் குறைகிறது, தொடும் கோணம் மாறுகிறது. நடுவில் ஒரு பள்ளம் கீறுகிறார்கள். முதுகில் ஷிம் என்ற மெல்லிய தகட்டை வைக்கிறார்கள். ரப்பர் படலம் ஒட்டிய எஃகு. அதிர்வு அதன் வழியே போகும்போது ரப்பர் அசங்கி, அந்த ஆற்றலை வெப்பமாக்கித் தின்றுவிடும். இந்த ஷிம்மின் அருமை தெரியாத பட்டறைகள் உண்டு. பேட் மாற்றும்போது "இது சும்மா தகடு சார்" என்று ஓரமாகப் போட்டுவிடுவார்கள். வண்டி நிற்பது நிற்கும். ஒரு மாதம் கழித்து அலறல் ஆரம்பிக்கும். புது பேடைக் குறைசொல்லி அதையும் மாற்றுவார்கள். கழற்றிய ஷிம், அதைத் தாங்கும் கிளிப்புகள் எல்லாம் திரும்பிப் போகின்றனவா என்று பக்கத்தில் நின்று பார்ப்பது நம் உரிமை.

டிஸ்க்கை எதனால் செய்கிறார்கள் என்பதிலும் ஒலிக்குப் பங்கு உண்டு. சாம்பல் நிற வார்ப்பிரும்பு. வெப்பத்தைத் தாங்கும், மலிவு என்பவை போக, அதன் உள்ளே கார்பன் கிராஃபைட் செதில்களாகப் பரந்து கிடக்கிறது. எஃகைத் தட்டினால் நெடுநேரம் ஒலிக்கும். சாம்பல் வார்ப்பிரும்பில் அந்தச் செதில்கள் அதிர்வை உறிஞ்சிக்கொள்வதால் ஒலி சீக்கிரம் அடங்கும். நம் சாலைகளில் ஓடும் பிரேக்குகளில் ஏராளமானவை நமக்குப் பக்கத்திலேயே உருவாகின்றன. 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா சென்னை பாடியில் இருக்கிறது. அதன் வார்ப்பாலை சோளிங்கரில். உருகிய இரும்பு அச்சில் ஆறும்போது அந்தச் செதில்கள் எந்த அளவில் உருவாகின்றன என்பதும் பிறகு சாலையில் கேட்கும் சத்தத்தைத் தீர்மானிக்கிறது.

இதே வார்ப்பிரும்புதான் காலையில் கேட்கும் 'சர்ர்ர்' உரசலுக்கும் காரணம். இரவு மழையோ பனியோ பட்டால், கடலோர ஊர்களில் வெறும் ஈரக்காற்று பட்டாலே, டிஸ்க்கின்மேல் ஆரஞ்சு நிறத்தில் துருப் படலம் ஒன்று படியும். முதல் நான்கைந்து முறை பிரேக் போடுவதற்குள் பேட் அதைத் துடைத்து எடுத்துவிடும். அதன் பிறகும் கேட்டால்தான் கவலை. இதனால்தான் "காலையிலயா, சூடானப்புறமா?" என்ற கேள்வி. மின்சாரக் கார்களில் மோட்டாரே வண்டியின் வேகத்தைப் பெருமளவு குறைத்துவிடுவதால் டிஸ்க்குக்கு வேலை குறைவு. துரு தங்க நேரம் அதிகம். அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் அவ்வப்போது பாதுகாப்பான இடத்தில் பிரேக்கைச் சற்று அழுத்தமாகப் பயன்படுத்துவது நல்லது.

சத்தத்துக்குத் தாளம் இருக்கிறதா என்று கேட்பதும் பயன் தரும். சிறு காரின் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.9 மீட்டர் ஓடும். அப்படியானால் 20 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு மூன்று சுற்று. நொடிக்கு மூன்று தடவை 'ஷ்க், ஷ்க், ஷ்க்' என்று கேட்டு, வேகத்தோடு அதுவும் விரைந்தால், டிஸ்க் சுற்றும்போது ஓரிடத்தில் மட்டும் எதையோ தொடுகிறது. பெடலும் சேர்ந்து அதே தாளத்தில் காலை உதைத்தால் "டிஸ்க் வளைஞ்சிருச்சு" என்பார்கள். பெரும்பாலும் அது வளைவதில்லை. அதன் பருமன் சுற்றிலும் ஒரே அளவாக இல்லாமல் போயிருக்கும். மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு வித்தியாசம் போதும், கால் உணர்ந்துவிடும். பேட் டிஸ்க்கின்மேல் தன் பொருளையே மிக மெல்லிய படலமாகப் பூசிக்கொண்டு, அந்தப் படலத்தின்மேல்தான் உராய்கிறது. புது பேட் மாட்டியதும் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மிதமாகப் பலமுறை வேகத்தைக் குறைத்து, நடுநடுவே ஆறவிட்டு ஓட்டச் சொல்வது அந்தப் படலம் சீராகப் படியத்தான். நன்றாகச் சூடான பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே நின்றுவிட்டால் பேட் இருந்த இடத்தில் மட்டும் திட்டாகப் படிந்துவிடும். அந்த டிஸ்க்கை லேத்தில் கொடுத்துக் கடையலாம். அதற்கு முன் டிஸ்க்கின் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ பொறித்திருக்கும் குறைந்தபட்சப் பருமனைத் தேடிப் படிக்க வேண்டும். அந்த எண்ணுக்குக் கீழே போனால் டிஸ்க்கை மாற்றியே ஆக வேண்டும்.

சில ஒலிகளை விரைவாகக் கடந்துவிடலாம். திடீரென்று தகரம் கீறும் சத்தம் கேட்டால் டிஸ்க்குக்கும் அதன் பின்னாலுள்ள தூசித் தகட்டுக்கும் நடுவே சிறு ஜல்லி சிக்கியிருக்கும். மெதுவாகப் பின்னால் நகர்த்தினால் பல நேரம் விழுந்துவிடும். ரிவர்ஸிலிருந்து முன்னால் எடுத்து முதல் பிரேக் போடும்போது ஒரே ஒரு 'டொக்' என்றால் பேட் தன் இருக்கையில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்கிறது. கிளிப் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டோமேட்டிக் கார் சிக்னலில் பிரேக்கை மெல்ல விடும்போது முனகுவது பேட் விட்டு விட்டுப் பிடிப்பதால், பயமில்லை. பின்சக்கரங்களில் டிரம் பிரேக் உள்ள வண்டி நின்றிருக்கும்போது மிதித்தாலும் பின்னாலிருந்து 'கிறுக்' என்று வந்தால், டிரம்முக்குள் பேடுக்குப் பதிலாக இருக்கும் ஷூ சாய்ந்து நகரும் தகட்டு மேடுகளில் கிரீஸ் காய்ந்திருக்கிறது. மழையில் நனைந்த வண்டியை ஹேண்ட்பிரேக் போட்டு நாள்கணக்கில் விட்டால் ஷூ துருவால் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது 'டப்' என்று விடுபடும். வேகத்தோடு ஏறும் ஹூங்காரம் பெடலை மிதித்தாலும் மாறாமல், ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடிக்கும்போது மட்டும் கூடிக் குறைந்தால், அது பிரேக்கே இல்லை, வீல் பேரிங்.

ஏபிஎஸ் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். வழுக்கும் சாலையில் ஓங்கி மிதிக்கும்போது காலடியில் கரகரவென்று அதிர்ந்து, பெடல் காலைத் திருப்பித் தள்ளும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க வால்வுகள் நொடிக்குப் பலமுறை அழுத்தத்தை விட்டு விட்டுக் கொடுக்கின்றன. அந்த உழைப்பின் ஒலி அது. முதல் முறை கேட்பவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கவே கூடாது. அந்தச் சத்தம் கேட்கும்வரை வண்டி உங்கள் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படும். காலையில் வண்டி எடுத்து சில மீட்டர் போனதும் சில கார்களில் ஒரு தடவை 'ங்ர்' என்று கேட்பதும் இதே அமைப்புதான். தன்னைத் தானே சோதித்துப் பார்த்துக்கொள்கிறது.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது சத்தமே போடாத ஒரு கோளாறுக்கு. வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். உயர்ந்த கியரில் போட்டுக்கொண்டு பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் பேட் சூடேறி உராய்வை இழக்கும். பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் மெத்தென்று தரைவரை போகும். காது எதையும் சொல்லாது. மூக்குக்குக் கருகல் வாசனை தெரியும்; காலுக்கு பெடல் தாழ்ந்து போவது தெரியும். முதல் வளைவிலிருந்தே இரண்டாவது கியரில் இறங்குவதுதான் வழி. அப்படிச் சூடேறி ஆறிய பேடின் முகம் கண்ணாடிபோல் பளபளத்துவிடும். கீழே வந்து இரண்டு நாள் கழித்து அது கீச்சிட ஆரம்பித்தால், மலையில் நடந்ததைப் பற்றித்தான் பேசுகிறது. உப்புத்தாளால் தேய்த்தால் கொஞ்ச நாள் அடங்கும். உள்வரை வெந்த பேடை மாற்றுவதே முறை.

ஆகவே அடுத்த முறை சத்தம் கேட்டால் பாட்டை நிறுத்துங்கள், கண்ணாடியை இறக்குங்கள். மிதித்தாலா, விட்டாலா, காலையிலா, சூடேறியா, முன்னாலா, பின்னாலா, தாளத்தோடா, தொடர்ந்தா என்று கவனித்து, அதை அப்படியே மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். "சத்தத்தை நிறுத்திக் கொடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள்; பேடின் முகத்தில் எண்ணெயோ கிரீஸோ பட்டால் சத்தம் நிற்கும், வண்டி நிற்காது. தூசியைக் காற்றடித்து ஊதவிடாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம், அதை முதலில் சுவாசிப்பவர் அவர்தான். கீச்சொலியோடு வீட்டுக்குப் போய் நாளை வரலாம். மிதிக்கும்போது நறநறவென்று இரும்பை இரும்பு அரைக்கும் கனத்த சத்தம் வந்தால் உராய்வுப் பொருள் முழுதும் தீர்ந்துவிட்டது, பேடின் முதுகுத் தகடுதான் டிஸ்க்கை அரைக்கிறது. அந்த வண்டியைப் பட்டறைவரை ஓட்டிப் போகவும் வேண்டாம். ஓரமாக நிறுத்தி இழுவை வண்டியை அழையுங்கள்.